மாவரைக்காத ‘மில்’: குரோம்ஃபோர்டு, 1771

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771-இல் தொடங்கிய இந்த ஆலை தானியம் அரைக்க எழுந்ததல்ல. இங்கே பஞ்சுதான் நூலானது. ஆனாலும் பெயர் ‘மில்’. ‘அரைத்தல்’ என்னும் பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து பழைய ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், அரைக்கும் வேலையை விட்டுவிட்டு, அதை இயக்கிய நீர்ச்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது. பஞ்சாலைகளுக்கு முன்பே, கம்பளித் துணியை நீர்விசையால் இடித்துக் கெட்டியாக்கிய கூடங்களும் காகிதக் கூடங்களும் ‘மில்’ என்றே அழைக்கப்பட்டன. நீராவி வந்தபின்னும் பெயர் மாறவில்லையே எனலாம். அதற்குள் சொல் ஆலைக்கே உரியதாகிவிட்டது.

குரோம்ஃபோர்டில் சக்கரம் சுழன்றது போன்சல் ஓடை நீராலும், ‘சஃப்’ எனப்பட்ட ஈயச் சுரங்க வடிகால் நீராலும். நிலத்தடியிலிருந்து வெதுவெதுப்பாக வந்த வடிகால் நீர் குளிர்காலத்திலும் எளிதில் உறையவில்லை. இந்த ஆலையும் அடங்கிய டெர்வென்ட் பள்ளத்தாக்கு ஆலைகள் 2001 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம்.