மூணாவது தடவை கேட்டாலும் சொல்லுங்க



குழுவில் புதுசா சேர்ந்த உறுப்பினர் ஒரு சந்தேகம் கேட்கிறாங்க. சொல்றோம். அடுத்த கூட்டத்திலும் அதையே கேட்கிறாங்க. மூணாவது தடவை, "இதைத்தானே போன தடவையும் சொன்னேன்?" என்று ஒருத்தர் குரலை உயர்த்திடுவாங்க. ரெண்டு பேர் சிரிப்பாங்க. அதோட அவங்க வாயை மூடிக்குவாங்க. புரிஞ்சிடுச்சுன்னு நாமளும் அடுத்த வேலைக்குப் போயிடுறோம்.

குழுக்களுக்குப் போகும்போது என் காதில் அதிகமா விழும் கேள்வி உள்கடன் வட்டி பற்றியதுதான். "போன மாசம் 1,100 கட்டினேன், இந்த மாசம் 1,090 போதும்ங்கிறாங்களே, ஏன்?" கணக்கு எழுதுறவங்க "பாக்கிக்குத்தானே வட்டி" என்று ஒரே வரியில் முடிச்சிடுவாங்க. ஆனா வெளியில் வட்டிக்கு வாங்கிப் பழகினவங்களுக்கு, வருஷம் பூரா வட்டி கட்டினாலும் அசல் அப்படியே நிக்கிறதுதான் தெரியும். வட்டி மாசாமாசம் குறையும்னா சட்டுனு நம்ப முடியுமா?

அதே பதிலைச் சத்தமா சொன்னா புரிஞ்சிடாது. பத்து புளியங்கொட்டையை எடுத்து வைங்க. கடன் 10,000 ரூபாய், பத்து மாசத் தவணை, நூத்துக்கு மாசம் ஒரு ரூபாய் வட்டி. ஒரு கொட்டை 1,000 ரூபாய். முதல் மாசம் பத்து கொட்டைக்கும் வட்டி 100. 1,000 அசல் கட்டியாச்சு, ஒரு கொட்டையை எடுத்துடுங்க. மீதி ஒன்பதுக்கு வட்டி 90. இப்படியே இறங்கி கடைசி மாசம் 10 ரூபாய். மொத்த வட்டி 550. பத்து மாசமும் முழுத் தொகைக்கே வட்டி போட்டிருந்தா 1,000 ஆகியிருக்கும். வித்தியாசம் 450 ரூபாய்!

இது பிடிபட்டவங்க, நாளைக்கு வீட்டு வாசலுக்குக் கடன் கொடுக்க வர்றவங்ககிட்ட "வட்டி மொத்தத்துக்கா, பாக்கிக்கா?" என்று கேட்பாங்க. சிரிப்புக்குப் பயந்து அடங்கிப் போனவங்க காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவாங்க.

கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீங்க, எல்லோரும் தலையாட்டத்தான் செய்வாங்க. "அடுத்த மாசம் எவ்வளவு கட்டணும், நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்க. போன வருஷம் சேர்ந்த ஒருத்தரை விட்டுச் சொல்லச் சொன்னா இன்னும் நல்லது. எந்த இடத்தில் குழம்பும்னு அவங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

ஊக்குநருக்கும் அலுப்பு வரும், நியாயம்தான். வீட்டில் உலை காத்திருக்கும். கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடி புதியவங்களை வரச் சொல்லலாம். பாஸ் புத்தகத்தைத் திறந்தே பார்க்காம கேட்கிறவங்ககிட்ட "முதல்ல புத்தகத்தை எடுங்கக்கா" என்று சொல்வதிலும் தப்பில்லை. வங்கிக் கடனுக்குத் தர மதிப்பீடு செய்யும்போது, குழுவின் விதிமுறைகள் உறுப்பினர்களுக்குத் தெரியுமான்னும் பார்ப்பாங்க. ஊக்குநர் ஒருத்தர் பதில் சொன்னா போதாது.

இன்னொன்று. ஒருத்தர் தன் பாக்கியைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டா, அவங்க பாஸ் புத்தகத்தையும் குழுவின் பேரேட்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்க. சில சமயம் புரியாம கேட்கிறதில்லை. "கணக்கு உதைக்குது" என்று நேரா சொல்லக் கூச்சப்பட்டுத்தான் கேள்வியாவே கேட்டுக்கிட்டிருப்பாங்க. வித்தியாசம் இருந்தா அன்னிக்கே திருத்தி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அவங்களுக்கு வாசிச்சுக் காட்டிட்டு கையெழுத்து வாங்குங்க.