கேமரா இருக்கிறது, படம் எங்கே?

வீட்டு வாசலில் கண்காணிப்புக் கேமரா மாட்டியவர்கள் இன்று ஏராளம். மாட்டிய புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். திடீரென்று ஒரு நாள் திரையில் ஒரு கட்டம் மட்டும் கருப்பாகி, 'வீடியோ லாஸ்' என்ற எழுத்து மட்டும் நிற்கும். உடனே சிலர் கேமரா போய்விட்டது என்று புதியது வாங்கக் கிளம்புவார்கள். சிலர் மெனுவுக்குள் போய் ரீசெட், ஃபார்மேட் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்திப் பார்ப்பார்கள். இரண்டும் வேண்டாம். கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முதலில் பழைய பதிவு

கேமராக்கள் அனுப்பும் படத்தைப் பதிவு செய்யும் பெட்டிக்கு டி.வி.ஆர். என்று பெயர். அதற்குள் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. இப்போது படம் வரவில்லை என்றாலும், நேற்றுவரை பதிவானது அந்த டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். ஃபார்மேட் கொடுத்தால் அத்தனையும் போய்விடும். தெருவில் வண்டி காணாமல் போய், போலீஸ் வந்து கேட்கும் நாளில்தான் அதன் அருமை தெரியும்.

டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறும். எனவே முக்கியமான பதிவு ஏதாவது இருந்தால் அதை முதலில் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். பென் டிரைவை டி.வி.ஆர். ஏற்கவில்லை என்றால், அதில் உள்ள ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி செய்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து மீண்டும் செருகுங்கள். ஃபார்மேட் செய்ய வேண்டியது பென் டிரைவை மட்டும்தான்.

படம் வரும் பாதை

சாஃப்ட்வேர் எழுதும் நாங்கள் புரோகிராமில் பிழை தேடும்போது, தகவல் எந்த வழியாக வருகிறது, எதுவரை சரியாக வந்தது என்று பார்ப்போம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவோம். கேமராவுக்கும் இதே முறைதான். மின்சாரம், கேமரா, கேபிள், டி.வி.ஆர்., திரை என்று பாதையில் ஐந்து இடங்கள் உள்ளன. எந்த இடத்தில் படம் நின்றது என்பதே கேள்வி.

எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் கருப்பாகிவிட்டதா? அத்தனை கேமராவும் ஒன்றாகக் கெட்டுப்போக வாய்ப்பு மிகக் குறைவு. எல்லாவற்றுக்கும் 12 வோல்ட் மின்சாரம் தரும் பவர் சப்ளையைச் சந்தேகப்படுங்கள். அதில் சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளே 230 வோல்ட் வருகிறது. 'வீடியோ லாஸ்' என்ற எழுத்துகூட இல்லாமல் திரை முழுவதும் இருண்டிருந்தால், டி.வி.ஆருக்கும் டி.வி.க்கும் இடையே உள்ள கேபிளையும், டி.வி.யில் தேர்வு செய்துள்ள இன்புட்டையும் பாருங்கள்.

ஒரு கேமரா மட்டும் என்றால், அதற்கு மின்சாரம் வருகிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. இருட்டிய பிறகு கேமராவின் முகப்பைப் பாருங்கள். லென்சைச் சுற்றி மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் மின்சாரம் வருகிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் செல்போனின் செல்ஃபி கேமரா வழியாகப் பாருங்கள். பல கேமராக்களின் அகச்சிவப்பு விளக்கு அதில் வெளிறிய ஒளியாகத் தெரியும்.

மின்சாரம் இருந்தும் படம் இல்லையா? டி.வி.ஆரின் பின்பக்கம் போங்கள். படம் வராத 3-ம் சேனலின் பிளக்கையும், படம் வரும் 1-ம் சேனலின் பிளக்கையும் இடம் மாற்றிச் செருகுங்கள். கோளாறு 1-ம் சேனலுக்கு மாறினால் குற்றவாளி கேமரா அல்லது கேபிள். 3-ம் சேனலிலேயே நின்றால் டி.வி.ஆரின் அந்தத் துளையில் பழுது. அடுத்து, அந்தக் கேமராவைக் கழற்றி வந்து டி.வி.ஆரின் அருகிலேயே ஒரு சிறிய கேபிளில் இணையுங்கள். படம் வந்துவிட்டால் கேமரா நன்றாக இருக்கிறது. பழுது சுவரில் ஓடும் கேபிளிலோ அதன் முனையிலோ இருக்கிறது. மழைநீர் இறங்கிப் பச்சை பூத்த பிளக்குகளே பெரும்பாலும் காரணம்.

புதிதாக மாற்றிய கேமராவில் படம் வரவில்லை என்றால் அது பழுது என்று சொல்லிவிட முடியாது. டி.வி.ஐ., சி.வி.ஐ., ஏ.எச்.டி. என்று கேமராக்களில் பல வகை உண்டு. அந்த வகை உங்கள் டி.வி.ஆருக்குத் தெரியாவிட்டால் படம் வராது.

இரவில் மட்டும் போகும் படம்

மன்னார்குடியில் தனியாக இருக்கும் என் அத்தை வீட்டில் வாசல் கேமராவின் படம் தினமும் மாலை 6.30 மணிக்குப் போய்விடும். விடிந்ததும் வந்துவிடும். படம் தேவைப்படுவதே இரவில்தான். பார்க்க வந்தவர் புதுக் கேமரா மாட்டச் சொல்லிவிட்டார். அத்தை எனக்குப் போன் செய்தார். பகலில் படம் தெளிவாக வருகிறது என்றால் கேபிளும் டி.வி.ஆரும் சரி. இருட்டினால் மாறுவது ஒன்றுதான்: அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். அப்போது கேமராவுக்குக் கூடுதல் மின்சாரம் தேவை. பலவீனமான அடாப்டரால் அதைத் தர முடியாது. அங்கே ஒவ்வொரு கேமராவுக்கும் தனி அடாப்டர். பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் பின்வாசல் கேமராவின் அடாப்டரை இதற்கு மாட்டச் சொன்னேன். அன்று இரவு முழுவதும் படம் நின்றது. புதிய அடாப்டர் வாங்கியதோடு வேலை முடிந்தது.

டி.வி.யில் வருகிறது, கம்ப்யூட்டரில் இல்லை

இதில் கேமராவைத் தொடவே வேண்டாம். பழைய டி.வி.ஆர்கள் பல, இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் ஓடும் ஆக்டிவ்எக்ஸ் என்ற துணைப் புரோகிராமை நம்பியவை. அந்த ப்ரௌசருக்கு 2022 ஜூன் 15-ல் மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்துவிட்டது. குரோமில் திறந்தால் லாகின் ஆகும், படம் மட்டும் வராது. எட்ஜ் ப்ரௌசரின் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் ப்ரௌசர்' பகுதிக்குச் சென்று, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மோடில் திறக்க அனுமதி கொடுங்கள். பிறகு டி.வி.ஆரின் பக்கத்தை அந்த மோடில் திறந்து பாருங்கள்.

வைஃபை கேமரா என்றால் முதல் கேள்வி: சமீபத்தில் ரௌட்டரையோ பாஸ்வேர்டையோ மாற்றினீர்களா? மாற்றியிருந்தால் கேமராவுக்குப் பழைய பாஸ்வேர்டுதான் தெரியும். புதியதைச் சொல்லிக் கொடுங்கள். பல வைஃபை கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும்; 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைத் தேர்வு செய்தால் இணையாது.

ரீசெட் என்பது கடைசி மருந்து. அதைச் செய்ய நேர்ந்தால் உடனே புதிய, கடினமான பாஸ்வேர்டு போடுங்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகெங்கும் கேமராக்களையும் டி.வி.ஆர்களையும் பிடித்தது, கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்ததால்தான்.

இத்தனைக்குப் பிறகும் ஆளைக் கூப்பிட வேண்டி வரலாம். "கேமரா வேலை செய்யவில்லை" என்று சொல்லாதீர்கள். "டி.வி.ஆரின் பக்கத்தில் மாட்டினால் படம் வருகிறது, கேபிளைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். வருபவர் கேபிளோடு வருவார். மாதம் ஒரு முறை, முந்தைய நாள் இரவின் பதிவை ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான். தேவைப்படும் நாளில் பதிவு கையில் இருக்கும்.