பூனையின் கண் இமையில் ஆறாத புண்: சண்டைக் காயமா, புற்றுநோயா?

பக்கத்துத் தெரு பூனையோடு சண்டை போட்டுக் கீறிக்கொண்டது என்றுதான் நினைத்தோம். பெரியம்மா வளர்க்கும் வெள்ளைப் பூனைக்கு இடது கண்ணின் கீழ் இமையில் சிவப்பாக ஒரு கோடு, அதன் மேல் சின்னதாகப் பொருக்கு. மஞ்சள் வைத்தார்கள். பொருக்கு உதிர்ந்தது, மறுபடி வந்தது. இப்படியே இரண்டு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனபோது, "கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்மா" என்றார். ரிசல்ட்டில் இருந்த பெயர்: ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. தோலின் மேலடுக்குச் செல்களில் உருவாகும் புற்றுநோய்.

நாய்க்கு இமையில் கட்டி வந்தால் பெரும்பாலும் அது ஆபத்தில்லாத கட்டியாகத்தான் இருக்கும். பூனைக்கு அப்படியில்லை. பூனையின் இமையில் வரும் கட்டிகளில் புற்றுநோய்தான் அதிகம், அதிலும் முதலிடம் இந்த ஸ்குவாமஸ் செல் வகைக்கு.

வெள்ளைப் பூனைக்கு ஏன்?

காரணம் வெயில். தோலுக்கு நிறம் தரும் மெலனின், சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் குடை மாதிரி. வெள்ளைப் பூனையின் இமை ஓரம், மூக்கு நுனி, காது நுனி மூன்றிலும் முடி குறைவு, மெலனினும் இல்லை. வருடக்கணக்கில் வெயில் படப்பட செல்களின் டி.என்.ஏ. சேதமாகி, ஒரு கட்டத்தில் அவை கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்குகின்றன. மற்ற நிறப் பூனைகளைவிட வெள்ளைப் பூனைகளுக்கு இந்த ஆபத்து சுமார் 13 மடங்கு அதிகம் என்று கால்நடை மருத்துவ நூல்கள் சொல்கின்றன. முழு வெள்ளையாக இருக்க வேண்டும் என்றில்லை; உடம்பெல்லாம் கறுப்பாக இருந்து கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாக இருந்தாலும் கவனிக்கணும். (முகம் வெள்ளையான ஹியர்ஃபோர்ட் மாடுகளுக்கும் கண்ணில் இதே புற்றுநோய் வரும்.)

சிக்கல் என்னவென்றால், ஆரம்பத்தில் இது கட்டி மாதிரியே இருக்காது. சிவப்பு, பொருக்கு, லேசான புண், கண்ணில் நீர். அவ்வளவுதான். பூனையும் வழக்கம்போல சாப்பிடும், தூங்கும். சண்டைக் காயம் என்றால் இரண்டு, மூன்று வாரத்தில் ஆறிவிடும். ஆறாமல் இமையின் ஓரத்தையே அரித்துக்கொண்டு போனால் அது வேறு விஷயம்.

இமையில் எது வந்தாலும் புற்றுநோய் என்று பதறவும் வேண்டாம். பெர்ஷியன், ஹிமாலயன் பூனைகளுக்கு இமை ஓரத்தில் கருநீல நிறத்தில் நீர் கோத்த சின்னச் சின்ன கொப்புளங்கள் வரும். வியர்வைச் சுரப்பி சார்ந்த, ஆபத்தில்லாத நீர்க்கட்டிகள் அவை. எது எது என்பதைப் பார்வையால் மட்டும் உறுதி செய்ய முடியாது, திசுப் பரிசோதனைதான் ஒரே வழி.

கண்ணுக்குப் பின்னால் வந்தால்

கண் குழிக்குள் வரும் கட்டி இன்னும் மோசம். வயதான பூனைகளில்தான் அதிகம், பெரும்பாலானவை புற்றுநோய். மூக்கிலோ வாயிலோ தொடங்கி கண் குழிக்குப் பரவுவதும் உண்டு. லிம்போமா எனும் ரத்த அணுப் புற்றுநோயும் இங்கே வரும். ஒரு கண் மட்டும் மெல்ல மெல்ல வெளியே தள்ளும், மூன்றாவது இமை எட்டிப் பார்க்கும். திடீரென வீங்கி, வாயைத் திறந்தாலே கத்துகிறது என்றால் பின்னால் சீழ் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். கண்ணும் இமையும் அசையவே முடியாமல் இறுகிப்போகும் ஒரு அரிய வகைப் புற்றுநோயும் உண்டு. இமை மூடாததால் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும். அதை வெறும் அழற்சி என்றே மருத்துவர்கள் நீண்ட காலம் நினைத்திருந்தார்கள்.

எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிய சி.டி. ஸ்கேன் தேவைப்படும். பல நேரங்களில் கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும், அப்படியும் பிழைக்கும் காலம் குறைவுதான்.

சிகிச்சை என்ன?

இமைக் கட்டியில் நேரம்தான் எல்லாம். இமை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வெட்டினால், மிச்சத்தை நேராகத் தைத்துவிடலாம். அதைத் தாண்டினால் பக்கத்துத் தோலை எடுத்து இமையை மறுபடி உருவாக்கணும். சின்னப் புண்ணை உறைய வைத்து அழிக்கும் கிரையோ சிகிச்சையும், வசதியுள்ள இடங்களில் கதிர்வீச்சும் உண்டு. இந்த வகை புற்றுநோய் உடலின் மற்ற இடங்களுக்குப் பரவ நேரம் எடுக்கும் என்பது ஒரு ஆறுதல். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி போன்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

வீட்டு வைத்தியத்தில் இரண்டு விஷயம் உயிரையே எடுக்கும். வலிக்குதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரை போதும் பூனையைக் கொல்ல. மனிதர்களின் தோல் புற்றுநோய்க்குத் தரும் ஃப்ளூரோயுராசில் களிம்பும் அப்படித்தான். பூனை நக்கினால் வலிப்பு வந்து இறந்துவிடும். நம்ம சன்ஸ்க்ரீனையும் டாக்டரிடம் கேட்காமல் தடவ வேண்டாம். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயிலில் படுக்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் நல்ல வழி.

பெரியம்மா பூனைக்கு கீழ் இமையில் கால்வாசியை எடுத்துத் தைத்திருக்கிறார்கள். கண் தப்பியது. காலை பத்தானால் மொட்டைமாடிக் கதவு சாத்தப்படுகிறது, அது கதவுக்கு முன்னால் உட்கார்ந்து நான்கு மணி வரை கத்துகிறது.