ஃபீனிக்ஸ் பே: லேத் பட்டறையும் மின்காரும்

ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்வராஜ் தீவுக்கோ ஷஹீத் தீவுக்கோ படகு ஏற வருகிறவர்கள். பக்கத்திலேயே இருக்கும் கப்பல் பட்டறையைத் திரும்பிப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. அந்தமானில் இயந்திர வேலை வேரூன்றியது அங்கேதான். 1858 மார்ச்சில் ஆங்கிலேயர் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய பிறகு, அரசின் படகுகளையும் நீராவிக் கப்பல்களையும் பழுதுபார்க்க இந்த விரிகுடாவில் பட்டறைகள் எழுந்தன. தண்டனை பெற்று வந்தவர்களே கொல்லு வேலையும் தச்சு வேலையும் கற்றார்கள். கூலி இல்லாத, வலி நிறைந்த உழைப்பு அது. ஆனாலும் கல்கத்தாவும் சென்னையும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்ததால் இந்த ஊருக்கு ஒரு பழக்கம் படிந்தது: உடைந்ததை இங்கேயே சரிசெய்ய வேண்டும், அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க முடியாது.

விடுதலைக்குப் பிறகு வந்த மோட்டார் வண்டிகளின் காலமும் இந்தப் பழக்கத்தின் மேல்தான் ஓடியது. போர்ட் பிளேரின் ஏற்ற இறக்கங்களில் அம்பாசிடர் டாக்சிகளும் ஜீப்புகளும் திணறி ஏறின. அபர்தீன் பஜாரை ஒட்டிய சந்துகளில் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த மெக்கானிக்குகள் தார்ப்பாய் கட்டிக் கடை போட்டார்கள். புஷ் தேய்ந்தால் லேத்தில் கடைந்து போட்டார்கள். கேஸ்கெட் கிடைக்காவிட்டால் தாளை வெட்டிப் பொருத்தினார்கள். உப்புக் காற்று தின்ற தகட்டுக்கு வெல்டிங் வைத்தார்கள். அம்பாசிடரில் மூடி மறைத்த ரகசியம் எதுவும் கிடையாது. பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். தொழிற்சாலை ஹூக்ளிக் கரையில் இருந்தாலும் வண்டியின் ஆயுளைத் தீர்மானித்தவர் பஜார் மெக்கானிக்தான்.

இன்று அதே சாலையில் சத்தமில்லாமல் மின்பேருந்துகள் போகின்றன. என்.டி.பி.சி.யின் துணை நிறுவனமான வித்யுத் வியாபார் நிகம் இந்தத் தீவுகளுக்கு 40 மின்பேருந்துகளைக் கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய இந்த நகரத்தில் (ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்) புகையில்லாத பேருந்து நல்ல வரவு. மின்வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. வண்டூருக்கும் சிடியா டாப்புவுக்கும் முப்பது கிலோமீட்டருக்குள்தான் தூரம். பாதி வழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்று மற்ற ஊர்களில் மின்கார் வாங்குகிறவரைத் துரத்தும் பயத்துக்கு இங்கே வேலையே இல்லை.

ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? ஃபீனிக்ஸ் பேயிலேயே ஒரு பவர் ஹவுஸ் இருக்கிறது. சாத்தாமில் இன்னொன்று. இரண்டும் டீசல் ஜெனரேட்டர்கள். நாட்டின் மின்கட்டமைப்போடு இந்தத் தீவுகளுக்குத் தொடர்பு கிடையாது. எரிக்கும் டீசல் கப்பலில் வருகிறது, ஒரு யூனிட்டுக்கு ஆகும் செலவு மக்கள் கட்டும் கட்டணத்தைப்போல் பல மடங்கு. ஒரு நடுத்தர மின்கார் 100 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 15 யூனிட் வேண்டும். கம்பியிலும் சார்ஜரிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் 18. டீசல் ஜெனரேட்டர் லிட்டருக்கு மூன்றரையிலிருந்து நான்கு யூனிட் தரும். ஆக 100 கிலோமீட்டருக்கு ஐந்து லிட்டர் டீசல் பவர் ஹவுஸில் எரிகிறது. நல்ல டீசல் கார் ஒன்று நேரடியாகக் குடிப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. பேருந்துக்கு நாளொன்றுக்கு 100 யூனிட் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 40 பேருந்துகளை இரவில் சார்ஜ் போட ஆயிரம் லிட்டருக்கு மேல் டீசல் வேண்டும். புகை சாலையிலிருந்து பவர் ஹவுஸ் புகைபோக்கிக்கு இடம் மாறியிருக்கிறது.

மாற்று இல்லாமல் இல்லை. காராச்சரமாவில் என்.டி.பி.சி.யின் 5 மெகாவாட் சூரிய மின்நிலையம் பத்தாண்டுக்கு மேலாக இயங்குகிறது. 2020-ல் நெய்வேலியின் என்.எல்.சி. 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தையும், அதனுடன் 8,000 யூனிட் சேமிக்கும் பேட்டரியையும் இங்கே நிறுவியது. நிலக்கரிக்குப் பெயர்போன நிறுவனம் தீவுக்கு வெயில் மின்சாரம் தந்திருப்பதைத் தமிழன் என்ற முறையில் மகிழ்ச்சியோடு குறிப்பிடத் தோன்றுகிறது. 24 யூனிட் பேட்டரி கொண்ட சிறிய கார்களாக இருந்தால், அந்தச் சேமிப்பைக் கொண்டு 330 வண்டிகளை முழுதாகச் சார்ஜ் செய்யலாம். ஆனால் அந்தப் பேட்டரி கார்களுக்காக வைக்கப்பட்டதல்ல. மேகம் மறைக்கும்போது ஊரின் விளக்கு அணையாமல் காப்பதே அதன் வேலை.

கார் நிறுவனங்களின் விளம்பரங்கள் வேறு உலகத்தில் இருக்கின்றன. ஒரு சார்ஜில் 500 கிலோமீட்டர், பதினைந்து அங்குலத் திரை, தானே பிரேக் போடும் வசதி, என்றாவது ஒருநாள் தானே ஓட்டிக்கொள்ளும் என்ற வாக்குறுதி. நான் கேட்க விரும்புவது வேறு. ஐந்தாம் ஆண்டில் பேட்டரியில் ஒரு மாட்யூல் செத்தால் ஃபீனிக்ஸ் பேயில் அதை யார் திறப்பார்? பயணிகள் விமானத்தில் லித்தியம் பேட்டரியைத் தனிச் சரக்காக ஏற்ற 2016 முதல் உலகளாவிய தடை இருக்கிறது. பழுதான பேட்டரியைச் சரக்கு விமானமும் தொடாது. புதியது சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். கடற்பயணம் மட்டும் மூன்று நாள். கப்பலில் இடம் கிடைப்பதும் துறைமுகத்தில் இறக்குவதும் தனிக்கதை. 1970-களில் ஒரு ஆக்ஸிலுக்காகக் காத்திருந்த டாக்சிக்காரருக்கு லேத் பட்டறையாவது துணை இருந்தது. மின்கார் பேட்டரியைத் திறப்பதென்றால் 300, 400 வோல்ட் நேர்மின்சாரம். பயிற்சி இல்லாமல் கைவைத்தால் உயிர் போகும். அதைத் திறக்கும் சாவியும் பெரும்பாலும் மென்பொருள் வடிவில் நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

நிறுவனமே போய்விட்டால்? 2024 ஜூனில் அமெரிக்காவின் ஃபிஸ்கர் திவாலானபோது, ஓஷன் என்ற அதன் மின்கார்களை வாங்கியிருந்த ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவில் நின்றார்கள். உதிரிபாகம் இல்லை, சர்வர் எப்போது நிற்கும் என்று தெரியாது, மென்பொருள் திருத்தம் தர ஆள் இல்லை. உரிமையாளர்கள் தாங்களே சங்கம் அமைத்து, வண்டியின் கணினியைப் புரிந்துகொள்ள முயன்றார்கள். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014-ல் அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்தியபோது இப்படி ஒரு நிலை யாருக்கும் வரவில்லை. வண்டி அதன் பாட்டுக்கு ஓடியது. கப்பல் வழியின் கடைசி ஊரில் வாழ்பவர்களுக்கு இந்த வேறுபாடு வாழ்வாதாரம் சம்பந்தப்பட்டது.

தொழிற்சாலைகளின் பக்கமும் அன்றைக்கும் இன்றைக்கும் தூரம் அதிகம். டெஸ்லா 2018-ல் மாடல் 3 காரை முழுக்க ரோபோக்களை நம்பிச் செய்யப் போய்ச் சிக்கிக்கொண்டது. சிக்கலான கன்வேயர் வலைப்பின்னலைப் பிடுங்கி எறிந்து, ஆட்களைக் கூட்டி, ஃப்ரீமான்ட்டில் கூடாரத்துக்குள் ஓர் அசெம்பிளி லைன் போட வேண்டியதாயிற்று. மிகையான தானியக்கம் தவறு என்று ஈலான் மஸ்க்கே அப்போது வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தமிழ்நாட்டில் 2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்தது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் செய்யும் திறன் அதற்கு. ரோபோ வெல்டிங் அங்கும் உண்டு, ஸ்ரீபெரும்புதூரிலும் உண்டு. என் கவலை ரோபோவைப் பற்றியதைவிட, மின்காருக்குத் தேவைப்படாத உதிரிபாகங்களைப் பற்றியது. பிஸ்டன், வால்வு, சைலன்சர், கிளட்ச் என்று அம்பத்தூர், செம்பியம், ஓசூர், கோவைப் பட்டறைகளில் மூன்று தலைமுறை செய்து பழகிய பொருள்கள் மின்காரில் இல்லை. அதில் இருக்கும் மோட்டாரின் காந்தத்துக்கோ சீனாவை நம்ப வேண்டும். 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் இந்திய வாகன நிறுவனங்கள் எல்லாம் பதறின. ஒரு தீவு கப்பலை நம்பி வாழ்வது எப்படி என்று அந்த மாதங்களில் பெரிய நிறுவனங்களுக்கும் புரிந்திருக்கும்.

தானாக ஓடும் காருக்கு வருகிறேன். போர்ட் பிளேரிலிருந்து வடக்கே போகும் அந்தமான் டிரங்க் ரோட்டில் ஜிர்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டினால் சுமார் ஐம்பது கிலோமீட்டர் ஜாரவா மக்களின் காப்புப்பகுதி. வாகனங்கள் குறித்த நேரத்தில் வரிசையாகப் புறப்பட வேண்டும், முந்தக்கூடாது, நிற்கக்கூடாது. 1956-ன் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி ஜாரவா மக்களைப் படமெடுப்பது சிறைக்குரிய குற்றம். தானோட்டிக் காரோ நான்கு புறமும் கண்ணால் ஓடுவது. எட்டு, பத்து கேமராக்கள் ஓயாமல் பார்க்கும். பார்த்ததில் ஒரு பகுதியை நிறுவனத்துக்கு அனுப்பும். பாதையோரம் ஒரு ஜாரவாத் தாய் குழந்தையோடு நின்றால், அவர்களுடைய படம் எந்த நாட்டு சர்வருக்குப் போய்ச் சேரும்? இந்தக் கேள்வியைக் கலிஃபோர்னியாவின் பொறியாளர் எவரும் தன் பட்டியலில் எழுதி வைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. அங்கேயே நிலைமை சரியில்லை. சான்ஃபிரான்சிஸ்கோவில் 2023 அக்டோபரில் குரூஸ் நிறுவனத்தின் ஆளில்லாக் கார் அடிபட்ட பெண்ணை இழுத்துச் சென்றது. பத்து பில்லியன் டாலருக்கு மேல் கொட்டிய ஜெனரல் மோட்டார்ஸ், 2024 டிசம்பரில் அந்த வாடகைக் கார் முயற்சியையே கைவிட்டது. மத்திய அமைச்சர் நிதின் கட்கரி ஓட்டுநர்களின் பிழைப்பைக் காரணம் காட்டி இந்தியாவில் ஓட்டுநரில்லாக் கார் வேண்டாம் என்கிறார். பிழைப்பு பெரிய காரணம்தான். டிரங்க் ரோட்டில் ஓட்டுநர் கண்ணியத்துக்கும் காவல். யார் நிற்கிறார்கள் என்று பார்த்ததும் கண்ணாடியை ஏற்றி, பயணியின் கைபேசியைத் தாழ்த்தச் சொல்லி, நிதானமாகக் கடந்து போவது அவருடைய வேலை.

வேறொரு மாற்றத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்த கண்ணாடியிழைக் கேபிள் திறக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோளை நம்பி, ஒரு படிவம் திறக்கக் காத்துக் கிடந்த ஊர் இது. கேபிள் இல்லாமல் இன்றைய மின்காரின் மென்பொருளைப் புதுப்பிப்பது இங்கே நடக்கிற காரியமாக இருந்திருக்காது. அந்த வகையில் இன்றைய தீவுக்கு அன்றைய தீவில் இல்லாத வசதி கிடைத்திருக்கிறது. ஃபீனிக்ஸ் பே மெக்கானிக்கின் திரைக்கு உற்பத்தியாளரின் பொறியாளர் வந்து உட்கார இப்போது கம்பி இருக்கிறது. நிறுவனம் கதவைத் திறந்தால் போதும்.

உப்பு மட்டும் மாறவில்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பிறகு போர்ட் பிளேர் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது, சிப்பிகாட்டின் வயல்களில் கடல் புகுந்து தங்கிவிட்டது. 2022-ல் இயன் சூறாவளி ஃபிளோரிடாவில் கடல்நீரைக் கொண்டுவந்தபோது, மூழ்கிய மின்கார்களில் சில, நீர் வடிந்து நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன. கடற்கரை ஊரில் மின்கார் விற்கும் எந்த நிறுவனமும், மூழ்கிய வண்டியை எங்கே, எப்படி ஒதுக்கி வைப்பது என்று தீயணைப்புத் துறைக்குச் சொல்லிக்கொடுத்த பிறகே முதல் வண்டியை விற்க வேண்டும் என்பேன்.

1993-ல் சாலக்குடியின் எடி நிறுவனம் ஜப்பானின் யஸ்காவாவுடன் சேர்ந்து லவ்பேர்ட் என்ற இரண்டு இருக்கை மின்காரைச் செய்தது. ஈய பேட்டரி, சுமார் அறுபது கிலோமீட்டர் ஓட்டம், ஏற்றத்தில் திணறல். 2001-ல் பெங்களூரின் ரேவா வந்தது, எண்பது கிலோமீட்டர் ஓடியது. இரண்டையும் இந்தியச் சந்தை கைவிட்டது. அபர்தீன் பஜார் ஏற்றத்தில் லவ்பேர்ட் தோற்றிருக்கும் என்பது உண்மை. ஆனால் அளவான தூரத்துக்கு அளவான வண்டி என்ற அந்த எண்ணம் இந்தத் தீவுக்குச் சரியான எண்ணம். டியாகோ, காமெட் போன்ற சிறிய மின்கார்கள் இப்போது அதன் பக்கம் திரும்பி வருகின்றன. 500 கிலோமீட்டர் பேட்டரியை முப்பது கிலோமீட்டர் ஊரில் சுமந்து திரிவது, காசையும் தாதுவையும் வீணாக்குவது.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்தில் வாகனங்களும் அடக்கம். அதில் சேரும் மின்கார் நிறுவனங்கள் பேட்டரி வரைபடத்தையும் பழுதறியும் மென்பொருளையும் வெளி மெக்கானிக்குக்குத் தர வேண்டும். பஹார்காவ் அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் உயர் மின்னழுத்தப் பயிற்சி தொடங்க வேண்டும், அதில் பஜார் மெக்கானிக்குகளுக்கும் இடம் வேண்டும். சார்ஜ் செய்யும் நேரத்தை இரவிலிருந்து பகலுக்கு மாற்ற வேண்டும். காலையில் தீவுகளுக்குப் போகிறவர்களின் வண்டிகள் ஜெட்டியைச் சுற்றி மாலைவரை சும்மா நிற்கின்றன. வெயில் உச்சியில் இருக்கும் பத்திலிருந்து மூன்று மணிக்குள் யூனிட் விலையைக் குறைத்து, அங்கே நிழற்கூரை போட்டு, கூரைமேல் சூரியத் தகடும் கீழே சார்ஜரும் வைத்தால், கடைசிப் படகு கரைக்கு வருவதற்குள் வண்டிகள் நிறைந்திருக்கும். அந்த யூனிட்டுகளுக்கு ஃபீனிக்ஸ் பே பவர் ஹவுஸ் டீசல் எரிக்க வேண்டியிருக்காது.