ஆணி இல்லாமல் சீனா போன மரம்!

பலாப்பழம் தின்னாதவர் உண்டா? அந்தப் பலாவுக்குக் காட்டிலே ஒரு தம்பி உண்டு. பெயர் அயினி. மலையாளத்தில் ஆஞ்ஞிலி என்பார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக் காடுகளே அதற்குச் சொந்த ஊர். குமரி மாவட்டத்துத் தோப்புகளிலும் நிற்கும்.

பழம் ஆரஞ்சு அளவுதான். மேலெல்லாம் முள். கோடையில் பழுத்து மஞ்சள் நிறம் ஆகும். தோலைக் கையாலேயே உரித்துவிடலாம். உள்ளே சின்னச் சின்னச் சுளைகள். புளிப்பும் இனிப்பும் கலந்த ருசி! கொட்டையை எறியவேண்டாம். வறுத்துத் தின்றால் நிலக்கடலை தோற்றுப்போகும்.

ஏறுவது யார்?

இத்தனை ருசி இருந்தும் பழம் கடைக்கு வருவது அபூர்வம். காரணம் மரத்தின் உயரம். 100 அடிக்கு மேலும் வளரும். அடிமரம் கிளை இல்லாமல் நெட்டையாக நிற்கும். ஏற ஆள் கிடைக்காவிட்டால் வவ்வாலுக்கும் அணிலுக்கும்தான் விருந்து!

சிந்துபாத் கப்பல்

பலகைக்கோ நல்ல கிராக்கி. படகு கட்ட உகந்தது. டிம் செவரின் என்ற கடல் பயணி, சிந்துபாத் காலத்துக் கப்பலைப்போல ஒன்றைக் கட்டினார். பலகை, மலபார் அயினி. ஆணியே கிடையாது. தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தார்கள். 1980-ல் ஓமனில் இருந்து புறப்பட்ட அந்தக் கப்பல் 1981-ல் சீனா போய்ச் சேர்ந்தது!

இந்தப் பெருமைதான் மரத்துக்கு எமன். பழம் காசு தராது; பலகை தரும். ஆகவே பெரிய மரங்கள் கோடரிக்கு இரையாகின்றன. விதையும் நெடுநாள் தாங்காது. ஈரம் காயுமுன் மண்ணில் ஊன்றினால்தான் முளைக்கும்.