கன்று வளர்த்துக் கணக்கு எழுதும் பிள்ளைகள்

அமெரிக்காவில் அயோவா, நெப்ராஸ்கா, ஓஹையோ போன்ற விவசாய மாநிலங்களில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இறைச்சிக்கான மாட்டைத் தாங்களே வளர்த்து விற்கிறார்கள். பொழுதுபோக்காக அல்ல, ஒரு பாடமாக. பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இதில் நிறைய உண்டு.

இதன் தொடக்கம் 1902. ஓஹையோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில் பள்ளி அதிகாரியாக இருந்த ஏ. பி. கிரஹாம், கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு விவசாய மன்றம் தொடங்கினார். பல்கலைக்கழகம் கண்டுபிடித்த புதிய முறைகளை வயதான விவசாயிகள் எளிதில் ஏற்கவில்லை. பிள்ளைகளோ செய்து பார்த்தார்கள். பலனைக் கண்ட பிறகு தகப்பன்மார்களும் பின்பற்றினார்கள். இவ்வாறு வளர்ந்த மன்றங்களே பின்னர் ‘ஃபோர்-எச்’ என்று பெயர் பெற்றன. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கின் ஆங்கிலச் சொற்களுக்கும் முதல் எழுத்து ‘எச்’. 1914ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று பல்கலைக்கழக விவசாய விரிவாக்கப் பணிக்கு அரசு உதவியை உறுதி செய்தது; மன்றங்களும் அதன் கீழ் வந்தன. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்று 1928இல் கான்சாஸ் சிட்டியில் ‘எஃப்.எஃப்.ஏ.’ தோன்றியது. அதில் பெண் பிள்ளைகளை நாடு முழுவதும் உறுப்பினராக ஏற்க 1969 வரை ஆனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாட்டுத் திட்டம் நடக்கும் முறை இது. காயடித்த இளங்காளை ஒன்றைப் பிள்ளை வாங்குகிறது. அப்போது எடை ஏறக்குறைய 250 கிலோ. எட்டு மாதம் போல வளர்த்து 550 முதல் 600 கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏற வேண்டும். ஒரு கிலோ எடை கூடச் சுமார் ஆறு ஏழு கிலோ தீவனம் செல்லும். இந்தக் கணக்கைப் பிள்ளையே போட்டால் இரண்டு டன் தீவனம் என்று வரும். வாங்கும் முன்பே விலை விசாரித்தாக வேண்டும்.

புல் தின்று பழகிய கன்றுக்கு எடை ஏற்றும் அவசரத்தில் மக்காச்சோளத்தை அள்ளிக் கொட்டினால் இரைப்பையில் அமிலம் பெருகி வயிறு உப்பும். கன்று செத்தும் போகலாம். ஆகவே இரண்டு மூன்று வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தானியத்தைக் கூட்டுகிறார்கள். உலர்புல்லை அடியோடு நிறுத்துவதில்லை. அசைபோடும் பிராணியின் வயிறு எப்படி வேலை செய்கிறது என்பதைப் புத்தகத்தில் படிப்பதற்கும், நம் கவனக்குறைவால் ஒரு கன்று படுத்துவிடுமே என்ற பயத்தோடு படிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

நோய் வந்து மருந்து கொடுத்தால், என்ன மருந்து, எந்தத் தேதி, எவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் இத்தனை நாள் கழித்துத்தான் அறுக்கலாம் என்று கெடு உண்டு. கெடு தீருமுன் விற்றால் இறைச்சியில் மருந்து தங்கி, உண்பவரைப் பாதிக்கும். நல்ல இறைச்சிப் பகுதி கெடக்கூடாது என்பதற்காக ஊசியைத் தொடையில் போடாமல் கழுத்தில் போடக் கற்பிக்கிறார்கள். யாரோ முகம் தெரியாதவர் தின்னப்போகும் உணவுக்குத் தான் பொறுப்பு என்பது பன்னிரண்டு வயதில் மனதில் பதிகிறது. எனக்கு இதுவே இத்திட்டத்தின் பெரிய பாடமாகப் படுகிறது.

தலைக்கயிறு போட்டுப் பழக்குவது, குளிப்பாட்டுவது, சீவிவிடுவது எல்லாம் தினசரி வேலை. பிள்ளையைவிடப் பத்து மடங்குக்கு மேல் எடையுள்ள பிராணியை இழுத்து நிறுத்த முடியாது; பொறுமையாகப் பழக்கித்தான் நடத்த முடியும். கோடையில் கவுண்டி கண்காட்சி. அங்கே மாட்டின் உடற்கட்டுக்கு ஒரு போட்டி, அதை நடத்திக் காட்டும் பிள்ளையின் திறமைக்குத் தனிப் போட்டி.

அதன்பின் ஏலம். பெயர் வைத்து அழைத்த மாடு அறுப்புக்குப் போகிறது. அன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளைகள் உண்டு. இது கொடுமை என்று சொல்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். நம் வீடுகளில் குர்பானி மாட்டைப் பிள்ளைகள் கடைசி இரண்டு மூன்று நாள்தான் பார்க்கிறார்கள். அதற்கே சில குழந்தைகள் அன்று சாப்பிட மறுப்பதை நாம் அறிவோம். நல்ல வழிகாட்டிகள் முடிவை மறைப்பதில்லை. கன்று வாங்கும் நாளிலேயே, இது எங்கே போய் முடியும் என்று பிள்ளையிடம் சொல்லிவிடுகிறார்கள்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். 10 முதல் 20 வயதுள்ளவர்களுக்கு இத்தகைய திட்டங்களுக்காக அரசின் விவசாயத் துறையே கடன் தருகிறது. வாங்கியவர் பிள்ளையானாலும் திருப்பிக் கட்டியாக வேண்டும். (அது வட்டிக் கடன்தான்; அந்தப் பகுதி நமக்கு ஆகாது.) கன்றின் விலை, தீவனம், மருந்து, வைக்கோல் எல்லாம் பதிவேட்டில் ஏறும். ஏலத்தில் உள்ளூர் வங்கிகளும் கடைக்காரர்களும் பிள்ளைகளை ஊக்குவிக்கச் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கேட்பது வழக்கம். அந்தத் தொகையை மட்டும் எழுதினால் மாடு வளர்ப்பு கொழுத்த லாபம் போலத் தோன்றும். அதனால் கவனமுள்ள ஆசிரியர்கள், சாதாரணச் சந்தை விலையில் விற்றிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று இன்னொரு பக்கத்திலும் கணக்கு எழுதச் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் நட்டத்தில் முடிவதும் உண்டு.