மெக்சிக்கோ உணவின் தொன்மையும் மிளகாயும்

மெக்சிக்கோ உணவு என்பது இன்றைய மெக்சிக்கோ நாட்டு நிலப்பரப்பில் தோன்றி வளர்ந்த சமையல் மரபு ஆகும். மக்காச்சோளம், அவரை, பூசணி, மிளகாய் ஆகியவை இதன் அடிப்படைப் பொருட்கள். எர்னான் கோர்ட்டேசு தலைமையில் எசுப்பானியர் 1519 ஆம் ஆண்டில் இங்கு வந்திறங்குவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இம்மரபு உருப்பெற்றுவிட்டது. உலகில் மிகப் பரவலாகப் பயிரிடப்படும் மிளகாய் இனமான காப்சிகம் அன்னூம் மெக்சிக்கோவிலேயே பயிராக்கப்பட்டது.

பெயர்

ஆங்கிலத்தில் வழங்கும் "சில்லி" என்னும் பெயர், அசுட்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியிலிருந்து எசுப்பானிய மொழி வழியாக வந்ததாகும். சிலி நாட்டின் பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை. தக்காளி, வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களும் நாவாட்டில் மொழியிலிருந்து பிறந்தவையே.

காட்டு மிளகாயும் பயிராக்கமும்

மிளகாயின் காட்டு வடிவம் மெக்சிக்கோவில் சில்ட்டெப்பின் எனப்படுகின்றது. இதன் காய்கள் மிகச் சிறியவை, மேல்நோக்கி நிற்பவை, பழுத்ததும் எளிதில் உதிர்பவை. மிளகாயின் காரத்துக்குக் காரணம் காப்சைசின் என்னும் வேதிப்பொருள். இது விதைகளைத் தாங்கும் வெண்ணிறத் திசுவில் உருவாகின்றது. விதைகளை மென்று அழிக்கும் பாலூட்டிகளை இக்காரம் விலக்குகின்றது. பறவைகள் காரத்தை உணர்வதில்லை. அவை பழத்தை விழுங்கி, விதைகளைச் சிதைக்காமல் தொலைவிடங்களில் பரப்புகின்றன.

புவெப்லா மாநிலத்தின் தெவாக்கான் பள்ளத்தாக்கிலும், தமாலிப்பாசு மாநிலத்தின் ஒக்காம்போவிலும் உள்ள குகைகளில் தொன்மையான மிளகாய் எச்சங்கள் கிடைத்துள்ளன. தொல்லியல், மரபியல், மொழியியல் சான்றுகளை ஒருங்கே ஆராய்ந்து 2014 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நடு-கிழக்கு மெக்சிக்கோவை மிளகாய் பயிராக்கப்பட்ட பகுதியாகக் காட்டியது. மக்கள் பெரிய காய்களையும், உதிராமல் செடியில் நிற்கும் காய்களையும் தொடர்ந்து தேர்ந்து விதைத்ததால் இன்றைய வகைகள் தோன்றின.

மக்காச்சோளமும் சுண்ணாம்பும்

மக்காச்சோளம் சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன்னர் தென்மேற்கு மெக்சிக்கோவின் பல்சாசு ஆற்றுப் பள்ளத்தாக்கில் தியோசிந்தே என்னும் காட்டுப் புல்லிலிருந்து பயிராக்கப்பட்டது. இதன் மணிகளைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் நீக்கிக் கழுவி, மெட்டாட்டே எனப்படும் அம்மியில் அரைப்பர். இம்மாவிலிருந்தே டொர்ட்டியா என்னும் மெல்லிய ரொட்டியும், மக்காச்சோள மடலில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் தமாலும் செய்யப்படுகின்றன.

இம்முறை மாவுக்குப் பசைத்தன்மையைத் தருவதோடு, மணியில் பிணைந்துள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்தை உடல் ஏற்கத்தக்கதாக மாற்றுகின்றது. மக்காச்சோளத்தில் குறைவாக உள்ள அமினோ அமிலங்களை அவரை ஈடுசெய்கின்றது. மிளகாய் உயிர்ச்சத்து ஏ, சி ஆகியவற்றைத் தருகின்றது.

மக்காச்சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றவர்கள் சுண்ணாம்பு முறையைக் கொண்டு செல்லவில்லை. இதனால் மக்காச்சோளத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்த ஏழை மக்களிடையே பெலாகரா என்னும் நோய் பரவியது. தோல் புண், வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். முற்றினால் இறப்பு நேரும். எசுப்பானிய மருத்துவர் கசுப்பார் கசால் 1735 ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். வட இத்தாலியிலும், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் ஐக்கிய அமெரிக்காவிலும் பலர் இதனால் மாண்டனர். நியாசின் குறைபாடே காரணம் என்பது 1930களில் தெளிவாயிற்று.

அசுட்டெக் காலம்

அசுட்டெக் பேரரசில் மிளகாய் வரிப்பொருளாகவும் பெறப்பட்டது. எசுப்பானியத் துறவி பெர்னார்தினோ தே சாககுன் 16 ஆம் நூற்றாண்டில் தொகுத்த நூல், சந்தையில் விற்கப்பட்ட பலவகை மிளகாய்களைப் பட்டியலிடுகின்றது. நோன்பு நாட்களில் மக்கள் உப்பையும் மிளகாயையும் விலக்கினர். மிளகாய்ப் புகையைக் காட்டிச் சிறுவரைத் தண்டிக்கும் காட்சி மெண்டோசா ஏட்டில் வரையப்பட்டுள்ளது.

உலகப் பரவல்

மிளகைத் தேடிக் கடற்பயணம் மேற்கொண்ட கொலம்பசு, கரிபியன் தீவுகளில் மிளகாயைக் கண்டார். காரத்தை ஒட்டி எசுப்பானியர் அதற்கு மிளகின் பெயரையே திரித்து வழங்கினர். 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டு வந்தனர். அதற்கு முன்னர்த் தமிழர் சமையலில் காரம் தந்தவை மிளகு, திப்பிலி, இஞ்சி முதலியன. மிளகு, காய் ஆகிய சொற்கள் இணைந்தே மிளகாய் என்னும் தமிழ்ப் பெயர் உருவாயிற்று.

தற்காலம்

எசுப்பானியர் கொண்டு வந்த பன்றி, மாடு, கோதுமை, அரிசி ஆகியவை மெக்சிக்கோ உணவில் கலந்தன. ஆயினும் அதன் அடிப்படை மாறவில்லை. மரபுவழி மெக்சிக்கோ உணவை யுனெசுக்கோ 2010 ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நாட்டு மக்காச்சோள வகைகளைக் காக்கும் பொருட்டு, மரபணு மாற்றப்பட்ட மக்காச்சோளத்தைப் பயிரிடுவதைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை மெக்சிக்கோ 2025 ஆம் ஆண்டில் நிறைவேற்றியது.